ஃபைனலுக்கு உள்ளே 50 ஓம் இருக்கிறதா?

வாசகர் கேள்வி, ஜனவரி 7
"ஹாம் ரிக்கின் (டிரான்ஸ்மிட்டர் பெட்டியின்) பின்பக்கம் ஆன்டெனா சாக்கெட்டுக்கு மேலே 50 ஓம் என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் பவர் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏசி-க்கான எதிர்ப்பு) 50 ஓம்தானே? சோர்ஸும் லோடும் சமமாக இருந்தால் அதிகபட்ச பவர் போகும், அப்போது பாதி பவர் சோர்ஸிலேயே சூடாகிவிடும் என்று பாலிடெக்னிக்கில் படித்தேன். ஆனால் நான் கட்டிய 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) செட் 12.5 வோல்ட்டில் 0.62 ஆம்பியர் இழுத்து 5 வாட் தருகிறது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 65 சதவீதம். மீட்டர் தப்பா, பாடம் தப்பா?"

ஜனவரி 7, இரவு
மீட்டரும் சரி, பாடமும் சரி. அந்தப் பாடத்துக்கு இங்கே வேலை இல்லை.

1840 வாக்கில் மோரிட்ஸ் யாக்கோபி சொன்ன விதி ஒரு நிபந்தனையோடு வருகிறது. சோர்ஸின் வோல்டேஜும் அதன் உள் ரெசிஸ்டன்ஸும் மாற்ற முடியாதவை. லோடை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அந்த நிலையில் மட்டுமே லோடு, உள் ரெசிஸ்டன்ஸுக்குச் சமமாக இருக்கும்போது பவர் உச்சத்தைத் தொடும். பழைய பேட்டரிக்குச் சரி. ரிசீவரில் ஆன்டெனாவிலிருந்து வரும் நுண்ணிய சிக்னலுக்கும் சரி.

டிரான்ஸ்மிட்டர் ஃபைனலை, அதாவது ஆன்டெனாவுக்குப் பவர் தரும் கடைசி ஆம்பை, கட்டிப்போடுவது வேறு இரண்டு எல்லைகள். டிரெயின் (டிரான்சிஸ்டரின் வெளியீட்டு முனை) பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது, ஆகவே அதன் ஊசல் சப்ளை வோல்டேஜைத் தாண்ட முடியாது. டிரான்சிஸ்டர் தாங்கும் கரண்டுக்கு மேல் ஓட முடியாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாகப் பயன்படுத்தும் லோடு எதுவோ, அதுதான் நாம் காட்ட வேண்டிய லோடு. சாக்கெட்டில் அச்சடித்த 50 என்பது "எனக்கு 50 ஓம் லோடைக் கொடு" என்ற வேண்டுகோள்.

ஜனவரி 8, காலை
கணக்கோடு சொல்லாமல் விட்டால் இது வாய்ப்பேச்சாகவே போய்விடும். சப்ளை வோல்டேஜை வர்க்கப்படுத்துங்கள். வேண்டிய பவரின் இரு மடங்கால் வகுங்கள். ஃபைனல் பார்க்க வேண்டிய லோடு கிடைத்துவிடும்.

12 வோல்ட், 5 வாட்: 144-ஐ 10-ஆல் வகுத்தால் 14.4 ஓம்.

இதைத் திருப்பியும் போடலாம். 12 வோல்ட் ஃபைனலை எந்த டிரான்ஸ்ஃபார்மரும் இல்லாமல் நேரே 50 ஓம் ஆன்டெனாவில் மாட்டினால்? 144-ஐ 100-ஆல் வகுத்தால் 1.44 வாட். டிரைவை (உள்ளே கொடுக்கும் சிக்னலை) எவ்வளவு ஏற்றினாலும் சுத்தமான சிக்னலாக அதற்கு மேல் வராது. புதிதாகச் செட் கட்டுபவர்கள் "டிரான்சிஸ்டர் டூப்ளிகேட், ஒன்றரை வாட்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது" என்று வருந்துவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அநேகமாக டிரான்சிஸ்டர் நல்லதாகத்தான் இருக்கும். லோடு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒன்றுக்கு இரண்டு சுற்று என்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இம்பீடன்ஸ் நான்கு மடங்கு மாறும். ஆன்டெனாவின் 50, டிரெயினுக்கு 12.5 ஆகத் தெரியும். 144-ஐ 25-ஆல் வகுத்தால் 5.76 வாட். க்யூஆர்பி (குறைந்த பவர்) செட்டுகளில் இந்த இரு மடங்குச் சுற்று அடிக்கடி வருவதற்குக் காரணம் இந்த ஒரு வரிக் கணக்கு. நிஜத்தில் டிரெயின் பூஜ்யம் வரை இறங்காது. ஒரு வோல்ட்டாவது மிச்சம் வைக்கும். 11 வோல்ட் ஊசல் என்று வைத்தால் 121-ஐ 25-ஆல் வகுத்து 4.84 வாட். கேள்வி கேட்டவரின் 5 வாட் இதற்கு மிக அருகில் நிற்பதைக் கவனியுங்கள்.

ஜனவரி 8, மதியம்
100 வாட் ரிக் பற்றிக் கேட்டவருக்கு: 13.8 வோல்ட், புஷ்-புல் (இரண்டு டிரான்சிஸ்டர் மாறி மாறி ஓடுவது). இரண்டு டிரெயினுக்கும் நடுவே தெரிய வேண்டிய லோடு, சப்ளை வர்க்கத்தின் இரு மடங்கை பவரால் வகுத்தது. 190-ஐ இரட்டித்து 100-ஆல் வகுத்தால் 3.8 ஓம். ஒன்றுக்கு நான்கு சுற்று டிரான்ஸ்ஃபார்மர் 50-ஐ 3.1 ஓமாகக் காட்டும். சொச்ச வோல்டேஜ் இழப்புக்கு அது சரியாக இருக்கும். 3 ஓம் என்றால் கரண்ட் எவ்வளவு ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் அந்த போர்டுகளில் பிரைமரிக்கு கம்பிக்குப் பதில் பித்தளைக் குழாய் இருக்கிறது.

ஜனவரி 9
"அப்படியானால் ஃபைனலின் சொந்த இம்பீடன்ஸ் என்னதான்?" இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

டிரான்சிஸ்டர் தன் வேலை செய்யும் பகுதியில் இருக்கும்போது கிட்டத்தட்ட கரண்ட் சோர்ஸ். கேட்டில் (உள்ளீட்டு முனையில்) இவ்வளவு வோல்டேஜ் வந்தால் இவ்வளவு கரண்ட். டிரெயினில் வோல்டேஜ் என்னவாக இருந்தாலும் அந்தக் கரண்ட் பெரிதாக மாறாது. கரண்ட் சோர்ஸின் உள் ரெசிஸ்டன்ஸ் மிகப் பெரியது. 6146 போன்ற டெட்ரோடு வால்வில் இது பத்தாயிரக்கணக்கான ஓம். அதற்கு நாம் காட்டும் லோடோ இரண்டாயிரம் ஓம் அளவில்தான்.

பாடப்படி "மேட்ச்" பண்ணப் போனால் என்ன ஆகும்? உள்ளே 1000 ஓம் இருக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ஆம்பியர் ஊசலை ஓட்டும் என்று வையுங்கள். 1000 ஓம் லோடு காட்டினால் இரண்டும் இணையாகி 500 ஓம். அதில் ஒரு ஆம்பியர் ஓட டிரெயின் 500 வோல்ட் ஊசலாட வேண்டும். சப்ளை 12 வோல்ட். ஊசல் சுவரில் முட்டிவிடும், வெளியே வருவது முக்கால் வாட்டின் பத்தில் ஒரு பங்கு. சிறு சிக்னலில் எஸ்-22 (அவுட்புட் பக்கம் எவ்வளவு எதிரொலிக்கிறது என்ற அளவு) பார்த்து மேட்ச் செய்தால் கெயின் கூடுவதும், டிரைவ் ஏறியதும் பவர் முன்கூட்டியே மடங்குவதும் இதனால்தான். மைக்ரோவேவ் பக்கத்தில் ஸ்டீவ் கிரிப்ஸ் 1983-ல் இந்த லோடு-லைன் பார்வையை வைத்தே லோடு-புல் வளைகோடுகளை (லோடு மாற மாற பவர் எப்படி மாறும் என்ற படத்தை) கணக்கிட்டுக் காட்டினார். அங்கே இது அன்றாட நடைமுறை. ஹாம் உலகத்தில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை.

கியர் சைக்கிளில் மேடு ஏறுகிறவர், தன் காலுக்குள் என்ன எதிர்ப்பு இருக்கிறது என்று அளந்து கியர் போடுவதில்லை. கால் எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில் நன்றாக மிதிக்குமோ அதற்குத்தான் போடுகிறார்.

ஜனவரி 11
வாதத்தை விட்டு மேசைக்கு வருவோம். நான் விரும்பிச் செய்யும் சோதனை இது, செலவும் குறைவு.

ஒரு கிலோ ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் 20 வாங்கி இணையாகச் சோல்டர் வையுங்கள். 50 ஓம் டம்மி லோடு, ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டுவது. மூன்றைத் தூக்கினால் 17 மிஞ்சும், 58.8 ஓம். லோடு 17.6 சதவீதம் கூடியிருக்கிறது. இரண்டு நிலையிலும் டயோடு டிடெக்டரில் பீக் வோல்டேஜ் எடுங்கள். மூன்று விதமான விடை வரலாம்.

வோல்டேஜும் 17.6 சதவீதம் கூடினால் அது கரண்ட் சோர்ஸ். உள் இம்பீடன்ஸ் வானளவு.

வோல்டேஜ் அசையவே இல்லை என்றால் வோல்டேஜ் சோர்ஸ். உள் இம்பீடன்ஸ் பூஜ்யத்துக்குப் பக்கம்.

8.5 சதவீதம் கூடினால் பவர் மாறவில்லை என்று அர்த்தம். உள் இம்பீடன்ஸ் சுமார் 50 என்று எழுதிக்கொள்ளத் தோன்றும்.

ஐஆர்எஃப் 510 டிரான்சிஸ்டர் போட்ட என் செட்டில் டிரைவைக் குறைத்து வைத்தால் முதல் விடை. டிரைவை நன்றாக ஏற்றி டிரெயின் தரையைத் தொடும்படி வைத்தால் இரண்டாவது விடை. நடுவில் மெதுவாக ஏற்றிக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் மூன்றாவது விடையும் வருகிறது. டிரான்சிஸ்டர் அதே, டிரான்ஸ்ஃபார்மர் அதே, சப்ளை அதே. டிரைவ் குமிழைத் திருப்பியதற்கு "அவுட்புட் இம்பீடன்ஸ்" மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. இப்படி ஓடும் ஒன்றை 50 ஓம் என்று பெயரிட்டு சாக்கெட்டில் அச்சடிக்க முடியுமா?

ஜனவரி 12
நேற்றைய சோதனையைச் செய்யப்போகிறவர்களுக்கு அவசரக் குறிப்பு. லோ-பாஸ் ஃபில்டருக்கு முன்னால், டிரான்ஸ்ஃபார்மர் வாயிலேயே அளவெடுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் அளந்தால் விடை தலைகீழாகும் வாய்ப்பு உண்டு. ஃபில்டரின் உள்ளே ஃபேஸ் 90 டிகிரி அளவில் திரும்பினால், அது கால் அலைநீளக் கேபிள் மாதிரி நடந்துகொள்ளும். வெளியே லோடு கூடினால் உள்ளே குறைவாகத் தெரியும். உள்ளே கரண்ட் சோர்ஸாக இருப்பது வெளியே வோல்டேஜ் சோர்ஸாகத் தெரியும். வால்வு செட்டுகளில் லோடை மாற்றிக் காட்டும் காயில்-கண்டென்சர் சர்க்யூட்டான பை நெட்வொர்க்கிலும் இதே கதை.

ஜனவரி 14
மேக்ஸ்வெல்-புரூன் வாதத்தை ஒருவர் இழுத்துவிட்டார். இழுத்தது நல்லதுக்குத்தான். இந்த இழையின் மையம் அதில்தான் இருக்கிறது.

வால்டர் மேக்ஸ்வெல், ஹாம் அழைப்புக் குறி டபிள்யூ2டியூ. ஆர்சிஏ கம்பெனியில் ஆன்டெனா வேலை பார்த்தவர். பை நெட்வொர்க்கை அதிகபட்ச பவருக்கு டியூன் செய்தால் டிரான்ஸ்மிட்டருக்கும் லைனுக்கும் நடுவே கான்ஜுகேட் மேட்ச் (சோர்ஸும் லோடும் ஒத்துப்போவது) நிகழ்கிறது என்பது அவர் கட்சி. வாரன் புரூன், காலின்ஸ் ரேடியோக்காரர். லோடு 50 ஓமிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க நாம் அன்றாடம் பயன்படுத்தும் எஸ்டபிள்யூஆர் மீட்டரின் சர்க்யூட் அவர் பெயரில்தான் வழங்குகிறது. 1991-ல் கியூஎஸ்டி என்ற ஹாம் இதழில் எதிர்வாதம் வைத்தார்: அப்படி ஒரு மேட்ச் பொதுவாக இல்லை, டியூப்பின் (வால்வின்) சொந்த ரெசிஸ்டன்ஸ் லோடைவிட எங்கோ மேலே இருக்கிறது. இரண்டு பேரும் அளந்துவிட்டுத்தான் பேசினார்கள். இரண்டு பேரும் கைதேர்ந்தவர்கள். பிறகு எப்படி இரண்டு விடை?

கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பவர் என்பது வோல்டேஜைக் கரண்ட்டால் பெருக்கியது. அதிகபட்ச பவருக்கு டியூன் செய்து முடித்தாயிற்று என்றால், லோடை லேசாக ஆட்டினாலும் பவர் மாறாது. உச்சியில் நிற்கிறோம் அல்லவா. பவர் மாறாமல் இருக்க வேண்டுமானால், வோல்டேஜ் ஒரு சதவீதம் கூடும்போது கரண்ட் ஒரு சதவீதம் குறைய வேண்டும். அப்படியானால் வோல்டேஜ் மாற்றத்தைக் கரண்ட் மாற்றத்தால் வகுத்தால் என்ன வரும்? வோல்டேஜைக் கரண்ட்டால் வகுத்ததே வரும். அது லோடு ரெசிஸ்டன்ஸ்!

இது எந்தப் பெட்டிக்கும் பொருந்தும். உள்ளே வால்வு இருக்கலாம், டிரான்சிஸ்டர் இருக்கலாம், டீசல் ஜெனரேட்டர் இருக்கலாம். பவர் உச்சியில் நிற்கும் எந்தப் பெட்டியிலும் லோடு ரெசிஸ்டன்ஸை லேசாக ஆட்டி அளந்தால், உள் ரெசிஸ்டன்ஸ் லோடுக்குச் சமம் என்றுதான் விடை வரும். உச்சியில் நிற்பதன் கணக்கு அது. மேக்ஸ்வெல் தரப்புக்கு 50 கிடைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த 50-ஐ வைத்து உள்ளே சூடாகும் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது என்று சொல்ல முடியாது. மேக்ஸ்வெல்லே அதைச் சூடாகாத ரெசிஸ்டன்ஸ் என்றுதான் சொல்லிவந்தார். 100 வாட் உள்ளே போய் 70 வாட் வெளியே வரும் கிளாஸ்-சி ஆம்பில் (சுழற்சியில் பாதிக்கும் குறைவாகவே கரண்ட் ஓடுவது), சூட்டுக்கு மிச்சம் 30 வாட்தான். உள்ளே நிஜமான சம ரெசிஸ்டர் இருந்திருந்தால் அங்கும் 70 வாட் எரிந்திருக்க வேண்டும்.

டிரைவ் குமிழ் சோதனையில் வந்த மூன்றாவது விடை இதுவேதான். கரண்ட் எல்லையும் வோல்டேஜ் எல்லையும் சந்திக்கிற முனை.

என் தீர்ப்பு: புரூன் எழுப்பிய கேள்விதான் ஆம்ப் கட்டுகிறவனுக்கு உதவுவது. மேக்ஸ்வெல்லின் அளவீடு பொய்யில்லை. ஆனால் அதை வைத்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றைக்கூட முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் டியூன் செய்து முடித்த பிறகுதான் அந்த எண் பிறக்கிறது.

ஜனவரி 15
நேற்றைய டீசல் ஜெனரேட்டரைப் பிடித்துக்கொண்டு, அதுவும் பாதி பவரை உள்ளேயே எரிக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார். 19-ம் நூற்றாண்டில் இதே குழப்பம் பவர் ஹவுஸ்காரர்களுக்கு இருந்தது. யாக்கோபி விதியைப் பார்த்துவிட்டு, எந்த மோட்டாரும் டைனமோவும் 50 சதவீதத்தைத் தாண்டாது என்று பெரியவர்களே நம்பினார்கள். 1880 வாக்கில் எடிசனும் அவரிடம் வேலை பார்த்த ஃபிரான்சிஸ் அப்டனும், டைனமோவின் உள் ரெசிஸ்டன்ஸை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைத்துக் கட்டினார்கள். லோடுக்குச் சமமாக வைக்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஆயிற்று. நம் வீட்டு கரண்ட் அப்படித்தான் வருகிறது.

ஜனவரி 18
"திரும்பி வரும் ரிஃப்ளெக்டட் பவர் ஃபைனலைச் சுடுகிறது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். கிளப் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. இதற்கு இடம் எடுத்து எழுதுகிறேன், ஏனென்றால் இதை நம்பித்தான் பலர் டிரான்சிஸ்டர்களை இழக்கிறார்கள்.

அதே 12 வோல்ட் செட். ஒன்றுக்கு இரண்டு சுற்று. சரியான ஆன்டெனாவில் டிரெயின் 12.5 ஓம் பார்க்கிறது, 11 வோல்ட் ஊசல், 4.84 வாட் வெளியே. கிளாஸ்-பி (பாதிச் சுழற்சியில் மட்டும் கரண்ட் ஓடுவது) என்று வைத்தால் சப்ளை கரண்ட் 0.56 ஆம்பியர், உள்ளே 6.7 வாட். டிரான்சிஸ்டரில் சூடு 1.9 வாட்.

இப்போது ஆன்டெனா கெட்டு எஸ்டபிள்யூஆர் 2 ஆகிறது. இதே செட் வைத்திருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள், இருவருக்கும் மீட்டரில் 2-தான் தெரிகிறது. ஆனால் ஒருவரின் சாக்கெட்டில் 25 ஓம், இன்னொருவரின் சாக்கெட்டில் 100 ஓம். இருவருக்கும் இடையே ஒரே வித்தியாசம் ஆர்ஜி-58 கேபிளின் நீளம்: 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் கேபிளில் சுமார் 7 மீட்டர். அந்த 7 மீட்டர் 25-ஐ 100 ஆக்கும், 100-ஐ 25 ஆக்கும்.

25 ஓம்காரரின் டிரெயின் 6.25 ஓம் பார்க்கிறது. டிரைவ் மாறவில்லை, ஆகவே கரண்டும் மாறவில்லை. ஊசல் பாதியாகிறது. வெளியே 2.42 வாட். உள்ளே அதே 6.7 வாட். சூடு 4.3 வாட். இரு மடங்குக்கும் மேல்.

100 ஓம்காரரின் டிரெயின் 25 ஓம் பார்க்கிறது. வோல்டேஜ் ஏற்கனவே எல்லையில் இருக்கிறது, மேலே போக இடமில்லை. 121-ஐ 50-ஆல் வகுத்து அதே 2.42 வாட். ஆனால் டிரெயின் தரையில் முட்டுவதால் கரண்ட் சுருங்குகிறது, சப்ளை மீட்டர் கீழே இறங்குகிறது. டிரான்சிஸ்டர் தொட்டால் இதமாக இருக்கும். சிக்னல் மட்டும் தட்டையாகி ஹார்மோனிக் (மடங்கு அலைகள்) கூடும்.

இருவருக்கும் ரிஃப்ளெக்டட் பவர் எவ்வளவு? எஸ்டபிள்யூஆர் 2-க்கு ஒன்பதில் ஒரு பங்கு. ஃபார்வர்டு 2.72, ரிஃப்ளெக்டட் 0.30 வாட். இருவருக்கும் அதே 0.30. அது உள்ளே போய்ச் சுட்டதென்றால், இரண்டு டிரான்சிஸ்டரும் 0.30 வாட் கூடுதலாகச் சுட வேண்டும். ஒன்று 2.4 வாட் கூடுதலாகச் சுடுகிறது, இன்னொன்று ஆறுகிறது. சுடுவது தவறான லோடு. ரிஃப்ளெக்டட் பவர் மீட்டர் அந்தத் தவறைச் சொல்லும் அடையாளம் மட்டுமே.

ஆகவே ஆன்டெனா சரியில்லை என்று சந்தேகம் வந்தால் எஸ்டபிள்யூஆர் மீட்டரோடு சப்ளை ஆம்பியர் மீட்டரையும் பாருங்கள். பவர் குறைந்தும் கரண்ட் இறங்காமல் நின்றால், மோர்ஸ் சாவியை உடனே விடுங்கள்.

ஜனவரி 19
வால்வுக்காரர்கள் விட்டுவிட்டேன் என்று கோபிக்கிறார்கள். 6146 இரண்டு, பிளேட்டில் (வால்வின் வெளியீட்டு முனையில்) 800 வோல்ட், 250 மில்லிஆம்பியர், கிளாஸ் ஏபி. பிளேட் லோடு சுமார் 2000 ஓம். க்யூ (டியூனிங்கின் கூர்மை) 12 என்று எடுத்து 7.1 மெகாஹெர்ட்ஸில் பை நெட்வொர்க் கணக்கிட்டால் பிளேட் பக்கம் 134 பிகோஃபாரட், காயில் 4.2 மைக்ரோஹென்றி, லோடு பக்கம் 725 பிகோஃபாரட். இந்தக் கணக்கில் 6146-ன் சொந்த பிளேட் ரெசிஸ்டன்ஸ் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? வோல்டேஜும் கரண்டும் மட்டுமே வந்தன.

டியூன் பண்ணும் முறையும் அதையே சொல்கிறது. லோடு கண்டென்சரை முழுதாக மூடி வைத்து, பிளேட் கண்டென்சரில் டிப் (பிளேட் கரண்ட் இறங்கும் இடம்) பிடி. லோடைக் கொஞ்சம் திற, மறுபடி டிப் பிடி. பிளேட் கரண்ட் குறித்த அளவுக்கு வந்ததும் நிறுத்து. எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பெரியவர் "வால்வுக்கு வேண்டிய கரண்டைக் கொடுடா, மிச்சத்தை அது பார்த்துக்கும்" என்பார். மூடியைத் திறப்பதற்கு முன் ஹெச்டி (உயர் வோல்டேஜ்) கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்யச் சொல்லி அடிக்கவே வருவார். 800 வோல்ட் இரண்டாவது வாய்ப்பு தராது.

ஜனவரி 22
"உள் இம்பீடன்ஸ் எப்போதுமே கணக்கில் இல்லையா?" உண்டு. அதை மறுத்தால் நியாயமில்லை.

ஒரே கோபுரத்தில் பல டிரான்ஸ்மிட்டர்கள் நிற்கும்போது பக்கத்துச் சிக்னல் நம் ஃபைனலுக்குள் நுழைந்து கலந்து புதிய சிக்னல்களை உண்டாக்கும். அங்கே சர்குலேட்டர் (சிக்னலை ஒரு திசையில் மட்டும் விடும் சாதனம்) போட்டுத் தடுக்கிறார்கள். பழைய அனலாக் டிவி நிலையங்களில் நீளமான ஃபீடரில் எதிரொலி போய்வந்தால் திரையில் நிழல் படம் விழும். அதை டிரான்ஸ்மிட்டர் முனை விழுங்கிக்கொள்வது நல்லது. இரண்டு ஆம்ப்களை ஹைப்ரிடில் (பவரைச் சேர்க்கும் சர்க்யூட்டில்) சேர்க்கும்போதும் பார்க்க வேண்டும். மற்றபடி நம் ஷாக்கில் (ரேடியோ அறையில்) ஒரு செட், ஒரு கேபிள், ஒரு ஆன்டெனா. தேவையில்லை.

டோஹர்ட்டி பற்றி ஒரு வரி: வில்லியம் டோஹர்ட்டி 1936-ல் பெல் லேப்ஸில் செய்த ஆம்பில், சிக்னல் சிறியதாக இருக்கும்போது முதல் டியூப் இரு மடங்கு லோடு பார்க்கும், சிக்னல் ஏறும்போது இரண்டாவது டியூப் கரண்டைத் தள்ளி அந்த லோடைக் குறைக்கும். லோடையே ஓட ஓட மாற்றுகிறார். மொபைல் டவர்களில் இன்று அதே உத்தி.

கிளாஸ்-இ இன்னும் தெளிவான சாட்சி. நேதன் சோகாலும் ஆலன் சோகாலும் 1975-ல் விவரித்தது. டிரான்சிஸ்டர் வெறும் சுவிட்ச். மூடியிருக்கும்போது அரை ஓம், திறந்திருக்கும்போது முடிவில்லா ஓம். இதில் எதை எடுத்து லோடோடு மேட்ச் பண்ணுவது? ஆனாலும் லோடு கணக்கு கச்சிதமாக இருக்கிறது: 0.577-ஐ சப்ளை வர்க்கத்தால் பெருக்கி பவரால் வகு. 12 வோல்ட், 5 வாட்டுக்கு 16.6 ஓம். சுவிட்சாக ஓடுவதால் இங்கே டிரெயின் பீக் சப்ளையின் மூன்றரை மடங்கு, 43 வோல்ட். ஐஆர்எஃப் 510-ன் 100 வோல்ட்டுக்குள் வசதியாக அடங்கும்.

ஜனவரி 25
கேள்வி கேட்டவர் டம்மி லோடு கட்டி அளந்து எழுதியிருக்கிறார். மூன்று ரெசிஸ்டரைத் தூக்கியதும் வோல்டேஜ் 3 சதவீதம்தான் ஏறியதாம். "அப்போ உள்ளே சுமார் 12 ஓமா?" என்கிறார். அந்த டிரைவில் உங்கள் ஃபைனல் வோல்டேஜ் எல்லையை ஒட்டி ஓடுகிறது என்று படியுங்கள். சிடபிள்யூ (மோர்ஸ்) மட்டும் அடிப்பதானால் அப்படியே விடலாம். எஸ்எஸ்பி-யில் (குரல்) பேச எண்ணம் இருந்தால் டிரைவைக் குறையுங்கள், அல்லது டிரான்ஸ்ஃபார்மரை ஒன்றுக்கு மூன்று சுற்றாக்கி டிரெயினுக்கு 5.6 ஓம் காட்டுங்கள். அப்போது கரண்ட் கூடும், ஹீட் சிங்கைப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் கோர் எங்கே கிடைக்கும் என்று கேட்ட சென்னைக்காரருக்கு: ரிச்சி தெருவில் பழைய டிவி பலன் (balun) கோர் கேளுங்கள், இரண்டு ஓட்டை உள்ளது. வாங்கியதும் நாலு சுற்று சுற்றி இண்டக்டன்ஸ் அளந்து பாருங்கள். கணக்கு போட்டுப் பார்க்கையில் பிரைமரியின் ரியாக்டன்ஸ், நீங்கள் காட்ட விரும்பும் லோடைப் போல நான்கைந்து மடங்காவது நீங்கள் பயன்படுத்தும் மிகக் குறைந்த பேண்டில் வர வேண்டும். 12.5 ஓமுக்கு 50-லிருந்து 60 ஓம். 7 மெகாஹெர்ட்ஸில் அது ஒன்றேகால் மைக்ரோஹென்றி அளவு.